நேயர் இருக்கிறார், விளம்பரம் இல்லை

2005 ஜூன் 3, வெள்ளிக்கிழமை மாலை 5 மணி. நியூயார்க்கின் 101.1 எஃப்.எம்.மில் ஃபிராங்க் சினாட்ராவின் 'சம்மர் விண்ட்' பாடி முடிந்தது. அடுத்து வந்தது பீஸ்டி பாய்ஸ் குழுவின் கூச்சல். அலைவரிசை அதேதான், நிலையம்தான் வேறு. 1972 முதல் பழைய பாட்டுக்கென்றே நடந்துவந்த டபிள்யூ.சி.பி.எஸ். எஃப்.எம்., அந்த நிமிடத்திலிருந்து 'ஜாக்' ஆகிவிட்டது. அங்கே வேலை பார்த்த அறிவிப்பாளர்களுக்கே அன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது. சிகாகோவில் இந்த நிலையத்தின் உரிமையாளருக்கே சொந்தமான பழைய பாட்டு நிலையமும் அதே நாளில் 'ஜாக்' ஆனது.

கனடாவின் வான்கூவரில் 2002-ல் ஓட்டிப்பார்த்த உத்தி இந்த ஜாக். அறிவிப்பாளரே கிடையாது. ஐபாடில் பாட்டுகளைக் கலைத்துப் போட்டுக் கேட்பதுபோல எந்தக் காலத்துப் பாட்டும் எந்த வரிசையிலும் வரும். இடையிடையே முன்கூட்டியே பதிவு செய்த ஒரு குரல் நக்கலடிக்கும். நியூயார்க்காரர்கள் கொதித்துப் போனார்கள். இனி அந்த நிலையத்தைத் திருப்பவே மாட்டேன் என்று மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க் அச்சிலேற்ற முடியாத ஒரு வார்த்தையோடு சொன்னதாகச் செய்தி வந்தது.

கேட்க ஆள் இல்லாமல் நிலையம் மாறவில்லை. கேட்டவர்களின் வயதுதான் சிக்கல். அமெரிக்காவில் வானொலி விளம்பர நேரத்தை வாங்கும் ஏஜென்சிகள் 25 முதல் 54 வயது வரை உள்ளவர்களுக்குத்தான் விலை பேசுகின்றன. ஐம்பத்தைந்தாவது பிறந்தநாளைக் கொண்டாடிய நேயர் அதன் பிறகு எத்தனை மணி நேரம் கேட்டாலும் அந்தக் கணக்கில் வரமாட்டார். 1960-ல் பதினைந்து வயதில் ரேடியோவே கதி என்று கிடந்தவருக்கு 2005-ல் வயது அறுபது. வயதானவர்கள் சோப்பையும் பற்பசையையும் மாற்றமாட்டார்கள், அவர்களிடம் விளம்பரம் செய்து பயனில்லை என்பது ஏஜென்சிகளின் வாதம். வீட்டுக் கடனை அடைத்து முடித்து, கையில் நாலு காசோடு இருக்கிற வயதும் அதுதான் என்பது ஏனோ அவர்கள் கணக்கில் ஏறுவதில்லை.

ஜாக் எடுபடவில்லை. 2007 ஜூலை 12 அன்று ஜர்னி குழுவின் பாட்டொன்றை நடுவில் வெட்டி அதற்கு மூடுவிழா நடத்தினார்கள். 'சோப்ரானோஸ்' தொலைக்காட்சித் தொடரின் கடைசிக் காட்சி அதே பாட்டோடு சட்டென்று அறுந்து போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதைக் கிண்டலடித்த குறும்பு இது. பழைய டபிள்யூ.சி.பி.எஸ். பீச் பாய்ஸ் பாட்டோடு திரும்பி வந்தது. ஆனால் பழையபடி வரவில்லை. ஐம்பதுகளின் பாட்டுகள் அருகிப்போயின, எழுபதுகளும் எண்பதுகளும் கூடின. 'ஓல்டீஸ்' என்ற பெயரைத் தொழில் முழுக்கவே கைகழுவத் தொடங்கியிருந்தது. புதுப்பெயர் 'கிளாசிக் ஹிட்ஸ்'.

அடுத்த ஆண்டு ஒரு சின்னக் கருவி இந்த நிலையங்களுக்குக் கை கொடுத்தது. அதுவரை வானொலி கேட்பவர்களின் எண்ணிக்கையை ஆர்பிட்ரான் நிறுவனம் நோட்டுப் புத்தகம் கொடுத்துத்தான் கணக்கெடுத்தது. ஒரு வாரம் என்னென்ன கேட்டோம் என்று நேயரே ஞாபகத்திலிருந்து எழுதித் தரவேண்டும். பிடித்த நிலையத்தின் பெயர் மறக்காமல் வரும். பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில் காதில் விழுந்ததை யார் எழுதப்போகிறார்கள்? 2008-ல் நியூயார்க்கில் நோட்டுப் புத்தகம் போய் இடுப்பில் செருகும் பேஜர் அளவு கருவி வந்தது. நிலையங்கள் தங்கள் ஒலிபரப்பில் மனிதக் காதுக்குக் கேட்காத ஒரு சங்கேத ஒலியைக் கலந்து அனுப்ப, கருவி அதைப் பிடித்துக்கொள்ளும். கடையில், அலுவலகத்தில், மெக்கானிக் ஷெட்டில் பின்னணியில் ஓடுவதெல்லாம் இப்போது கணக்கில் ஏறியது. நாலு பேர் கூடும் இடத்தில் யார் முகமும் சுளிக்காத பாட்டுகள்தானே ஒலிக்கும்? அது பெரும்பாலும் பழைய பாட்டு. டபிள்யூ.சி.பி.எஸ். நியூயார்க்கின் முன்வரிசை நிலையங்களில் ஒன்றாக ஏறி உட்கார்ந்தது.

நிலையம் பிழைத்தது, அதன் பழைய பாட்டுகள் பிழைக்கவில்லை. 54 என்ற கோடு அப்படியே இருக்க, ஆண்டுதோறும் ஒரு வயதுக்காரர்கள் அதைத் தாண்டிப் போகிறார்கள். தாண்டியவரை நடுவழியில் இறக்கிவிட்டு பஸ் போய்க்கொண்டே இருக்கிறது. இன்று அந்த அலைவரிசையில் மடோனாவும் மைக்கேல் ஜாக்சனும்தான் பழசு. எல்விஸ் பிரெஸ்லி காலத்துப் பாட்டுக்கு அங்கே இடமில்லை.

லாஸ் ஏஞ்சலஸின் வானொலி அறிவிப்பாளர் ஆர்ட் லபோவின் கதை இன்னும் நெருக்கமானது. 1943 முதல் ஒலிபரப்பில் இருந்தவர். 1959-ல் 'ஓல்டீஸ் பட் குடீஸ்' என்று இசைத்தட்டு வெளியிட்டு அந்தச் சொல்லாட்சியை ஊர் முழுக்கப் பரப்பியவர். நேயர்கள் போன் செய்து, வேண்டியவர்கள் பெயரில் பாட்டுக் கேட்பதுதான் அவர் நிகழ்ச்சியின் உயிர். அவர்களில் பலர் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்தினர். சிறையில் இருக்கும் கணவனுக்காக மனைவியும், அப்பாவுக்காகக் குழந்தையும் அழைப்பார்கள். 2015-ல் அவர் நிகழ்ச்சியை நடத்திவந்த நிலையம் ஹிப்-ஹாப்புக்குத் தாவியபோது நேயர்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். இன்னொரு நிலையம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 2022 அக்டோபரில் 97 வயதில் இறக்கும்வரை நிகழ்ச்சி செய்துகொண்டிருந்தார். எந்தச் செயலியும் இந்த வேலையைச் செய்வதில்லை. ஸ்பாட்டிஃபையில் பாட்டு கிடைக்கும், உங்கள் பெயரை ஊரறியச் சொல்ல அங்கே ஆள் கிடையாது.

தொழிலின் நிதி நிலைமையும் கவலைக்கிடம்தான். வானொலி நிறுவனமான ஐ-ஹார்ட் மீடியா 2018-ல் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. டபிள்யூ.சி.பி.எஸ்.ஸின் இன்றைய உரிமையாளரான ஆடசி சுமார் 190 கோடி டாலர் கடனோடு 2024 ஜனவரியில் அதே வாசலில் நின்றது. பழைய பாட்டு நிலையங்கள் பல ஒதுங்கியிருக்கும் ஏ.எம். அலைவரிசையைப் புது கார்களிலிருந்து எடுத்துவிட 2023-ல் ஃபோர்டு முடிவு செய்து, எதிர்ப்புக் கிளம்பியதும் பின்வாங்கியது.

சரி, இணையத்துக்குப் போய்விடலாமே என்றால் அங்கே வேறு செலவு. அமெரிக்கச் சட்டப்படி, காற்றில் ஒலிபரப்பும் வானொலி பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பணம் தந்தால் போதும், பாடியவருக்குத் தரவேண்டியதில்லை. இணையத்தில் பாடியவருக்கும் தரவேண்டும். 1972 பிப்ரவரிக்கு முந்தைய பதிவுகள் நெடுங்காலம் மத்தியச் சட்டத்துக்கு வெளியே கிடந்தன. தங்கள் பழைய பாட்டுகளுக்குப் பணம் தரவில்லை என்று அறுபதுகளின் டர்ட்டில்ஸ் குழுவினர் 2013-ல் சிரியஸ் எக்ஸ்.எம். செயற்கைக்கோள் வானொலி மீது வழக்குப் போட்டார்கள். 2018-ல் வந்த சட்டம் அந்தப் பதிவுகளையும் உள்ளே கொண்டுவந்தது. பாடகர்களுக்கு அது நியாயம்தான். சின்ன இணைய நிலையத்துக்குச் செலவு, அவ்வளவுதான்.

சிகாகோவின் மீ-டிவி எஃப்.எம். சட்டத்தின் ஓட்டை வழியாக உயிர் வாழும் ரகம். 2015-ல் தொடங்கிய இது உண்மையில் வானொலி உரிமம் உள்ள நிலையமே இல்லை. தொலைக்காட்சியின் 6-ஆம் சேனலுக்குரிய ஒலி எஃப்.எம். பெட்டியின் இடது ஓரத்தில் 87.7-ல் விழும். அந்த ஒலியில் பழைய பாட்டு போடுகிறார்கள்! 2021-ல் சிறிய தொலைக்காட்சி நிலையங்களின் பழைய அனலாக் ஒளிபரப்பு நின்றபோது இதுவும் போய்விடும் என்றே நினைத்தார்கள். 2023-ல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் இப்படிப்பட்ட 14 நிலையங்களை மட்டும் தொடர விட்டது. புதிதாக யாரும் நுழைய முடியாது.

வயதையே மூலதனமாக்கியவர்கள் பிரிட்டனில் இருக்கிறார்கள். வானொலித் துறையில் பழம் தின்று கொட்டை போட்ட ஃபில் ரைலியும் டேவிட் லாய்டும், பி.பி.சி. ரேடியோ 2 இளையவர்கள் பக்கம் சாய்வதைப் பார்த்து, 2021 பிப்ரவரி 14 அன்று 'பூம் ரேடியோ'வைத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த தலைமுறைக்கு மட்டும். கொரோனா காலம் என்பதால் அறிவிப்பாளர்கள் வீட்டிலிருந்தே பேசினார்கள். அவர்களில் ஒருவரான டேவிட் ஹாமில்டன் 1938-ல் பிறந்தவர். சில ஆண்டுகளிலேயே வார நேயர்கள் ஐந்து லட்சத்தைத் தாண்டினார்கள். ஏஜென்சிகள் ஒதுக்கிய வயதினரிடம் விற்க விரும்புகிறவர்களைத் தேடிப்பிடிப்பதே இவர்கள் வியாபாரம்.

நம் ஊரிலும் இந்தச் சந்தை இருப்பதற்கு அடையாளம் உண்டு. சரிகம நிறுவனம் 2017-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'கார்வான்' பெட்டியில் 5,000 பழைய பாட்டுகள். பழைய ரேடியோ போலவே தோற்றம், திருகினால் பாட்டு; தமிழ்ப் பதிப்பும் வந்தது. விளம்பரதாரர் கண்டுகொள்ளாத பெற்றோருக்காகப் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கினார்கள்.

விளம்பரம் தராத பணத்தை வேறு யாராவது தரவேண்டும் என்பதுதான் விஷயம். ஏஜென்சியை நம்பும் பெரிய நிலையங்கள் பழைய பாட்டு என்ற பெயரை வைத்துக்கொண்டு பாட்டை மாற்றிக்கொண்டே போகும். 2035-ல் 54 வயதாகப் போகிறவர் 1981-ல் பிறந்தவர்; அவருடைய பள்ளிக்கூடக் காலத்துப் பாட்டு ஸ்பைஸ் கேர்ள்ஸ். அறுபதுகளின் பாட்டு, ஊர்க் கடைக்காரர்களிடம் நேரில் போய் விளம்பரம் கேட்கும் சின்ன நிலையங்களிலும், நேயரே சந்தா கட்டும் இணைய நிலையங்களிலும் மட்டும்தான் மிஞ்சும்.