ஒரே பெயரில் இரண்டு கார்டு: எதை வாங்குவது?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தன. அடுத்த ஆறாவது நாள் தீபாவளி வந்தது. இந்த இரண்டையும் கணக்கிட்டுக் கம்ப்யூட்டரைப் புதுப்பிக்கக் கிளம்பிய வாசகர்கள் பலரின் கடிதங்களில் ஒரே குழப்பம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய கொட்டேஷனில் ஒரே பெயருள்ள கிராபிக்ஸ் கார்டு இரண்டு விலைகளில் இருக்கிறது. “மெமரி மட்டும்தான் சார் வித்தியாசம், மத்ததெல்லாம் ஒண்ணுதான்” என்கிறார் கடைக்காரர். அப்படியானால் எதற்குக் கூடுதல் பணம்?

விண்டோஸ் 11-க்கு மாறுவதற்காகவே கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டிய அவசியம் பெரும்பாலோருக்கு இல்லை. கேம் ஆடுவதற்காக வாங்குகிறவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

கடைக்காரர் சொல்வது அவருடைய சொந்தச் சரக்கு அல்ல. ஏஎம்டியின் ஃபிராங்க் அசோர் 2025 மே மாதம் இதையேதான் சொன்னார்: பெரும்பாலோர் 1080பியில் ஆடுகிறார்கள், அவர்களுக்கு 8 ஜிபிக்கு மேல் தேவையில்லை, வேண்டுகிறவர்களுக்கு அதே சிப்பில் 16 ஜிபி இருக்கிறது. இதில் பொய் ஏதுமில்லை. ஆனால் அந்த 8 ஜிபி நிரம்பினால் என்ன ஆகும் என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 2025 ஏப்ரலில் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டாக வந்தது. அறிமுகத்தின்போது அமெரிக்க விலை 379 டாலர், 429 டாலர். இரண்டிலும் 4,608 கோர்கள். இரண்டிலும் மெமரிக்கான பாதையின் (பஸ்) அகலம் 128 பிட். ஒரு மெமரி சிப்புக்கு 32 பிட் வீதம் அந்தப் பாதையில் நான்கு சிப்களுக்குத்தான் இடம். சிப் ஒன்று 2 ஜிபி, ஆக 8 ஜிபி. பிறகு 16 எப்படி வந்தது? பலகையின் முதுகிலும் நான்கு சிப்களைப் பொருத்தி, முன்னும் பின்னுமாக ஜோடி சேர்த்து, ஒவ்வொரு ஜோடியும் 32 பிட்டை ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும்படி செய்துவிட்டார்கள். கெட்டிக்காரத்தனம்தான். கொள்ளளவு இரட்டித்தது, வேகம் இரண்டு கார்டிலும் நொடிக்கு 448 ஜிபி. அதனால் 8 ஜிபிக்குள் அடங்கும் கேம்களில் இரண்டும் ஒன்றுபோலவே ஓடும்.

அடங்காத கேம்களில்தான் சங்கதி வெளியே வருகிறது. இடம் போதாத தகவலைக் கம்ப்யூட்டரின் ரேமில் வைத்துவிட்டு, தேவைப்படும்போதெல்லாம் மதர்போர்டு ஸ்லாட் வழியாக இழுத்தாக வேண்டும். ஸ்லாட்டில் 16 தடங்கள் இருந்தாலும் 5060 டிஐ பயன்படுத்துவது எட்டைத்தான். பிசிஐ எக்ஸ்பிரஸ் 5.0 போர்டில் அந்த எட்டும் சேர்ந்து நொடிக்குச் சுமார் 32 ஜிபி கடத்தும். 4.0 போர்டில் அதில் பாதி. 3.0 போர்டில் 8 ஜிபியைக்கூட எட்டாது. 448 எங்கே, 8 எங்கே!

விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் இன்டெல் எட்டாம் தலைமுறை முதல் பத்தாம் தலைமுறை வரையிலான டெஸ்க்டாப்கள் எல்லாமே 3.0 ரகம். பழைய போர்டையே வைத்துக்கொண்டு கார்டை மட்டும் மாற்றுகிறவர் கையைக் கடிக்காத 8 ஜிபி கார்டைத்தான் தேடுவார். அடி பலமாக விழுவதும் அவருக்குத்தான். (ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 தடங்களையும் பயன்படுத்துவதால் அங்கே வலி கொஞ்சம் குறைவு.)

சராசரி எஃப்பிஎஸ் வரைபடத்தில் இது சரியாகத் தெரியாது. கேம் ஓடிக்கொண்டே இருக்கும். திரும்பிப் பார்க்கும்போது ஒரு குலுக்கல், கதவைத் திறந்தால் ஒரு திணறல். சில கேம்கள் திணறுவதில்லை, சத்தமில்லாமல் சுவரையும் தரையையும் மங்கலாக்கிவிடுகின்றன. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் ஃபிரேம் ஜெனரேஷனும் ரே டிரேசிங்கும் தம் பங்குக்கு மெமரியைத் தின்கின்றன என்பது வேடிக்கை. 5060 டிஐ வெளியான நாளில் வந்த விமர்சனங்கள் பெரும்பாலும் 16 ஜிபி கார்டைப் பற்றியவை என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இவ்வளவும் சிப் ஒன்றாக இருக்கும் நல்ல ரகம். மெமரி எண்ணைக் காட்டிச் சிப்பையே வெட்டிய கார்டுகளும் உண்டு. 2016-இல் ஜிடிஎக்ஸ் 1060-இன் 6 ஜிபி கார்டில் 1,280 கோர்கள், 3 ஜிபி கார்டில் 1,152. ஆர்டிஎக்ஸ் 3050-இன் 8 ஜிபி கார்டில் 2,560 கோர்கள், 128 பிட். 6 ஜிபியில் 2,304 கோர்கள், 96 பிட். ஜிடி 1030 இன்னும் மோசம்: 2018-இல் வந்த டிடிஆர்4 கார்டின் மெமரி வேகம், முந்தைய ஆண்டின் ஜிடிடிஆர்5 கார்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இரண்டிலும் 2 ஜிபி என்பதால் மெமரி எண்கூட வாங்குகிறவரை எச்சரிக்காது. 2022-இல் 12 ஜிபி ‘ஆர்டிஎக்ஸ் 4080’ என்று அறிவித்ததை, எதிர்ப்பு கிளம்பியதும் என்விடியா திரும்பப் பெற்றது. சில மாதங்களில் அதே கார்டு ‘4070 டிஐ’ ஆனது, விலையும் 100 டாலர் இறங்கியது.

வலோரன்ட், கவுன்டர்-ஸ்டிரைக் போதும் என்பவர்கள் 8 ஜிபியை வாங்கலாம். புதிய பெரிய கேம்களை நான்கைந்து வருடம் ஆட நினைப்பவர்கள், அதிலும் 3.0 போர்டு வைத்திருப்பவர்கள், 16 ஜிபிக்குக் குறைந்து வாங்க வேண்டாம்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

‘ஓசி’ என்று போட்ட கார்டு வேகமானதா? ஓரிரு சதவீதம், கண்ணுக்குத் தெரியாது.

இரண்டு ஃபேனா, மூன்றா? மூன்றில் சத்தமும் சூடும் பொதுவாகக் குறைவு. கேபினெட்டை அளந்துவிட்டு வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்ட்? கார்டை ஓடவிட்டு, ஜிபியு-இசட் செயலியில் கோர் எண்ணிக்கையும் பஸ் அகலமும் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

லேப்டாப்? ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட்டும் உண்டு, 115 வாட்டும் உண்டு. வாட் கணக்கை எழுத்தில் தராத கடையில் வாங்காதீர்கள்.