மடியும் வரைதான் அது மடக்குப் படகு

பாய்மரப் படகில் நெடும்பயணம் போகிறவர்கள் பெரும்பாலும் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டுத் தங்குகிறார்கள். கரைக்குப் போய்வரவும் தண்ணீர், காய்கறி ஏற்றிவரவும் டிங்கி என்னும் சிறு படகு வேண்டும். ஆனால் 10 மீட்டர் படகின் மேல்தளத்தில் 3 மீட்டர் டிங்கியை எங்கே வைப்பது? இதுபோன்ற இடநெருக்கடிக்கு விடையாகத்தான் மடக்குப் படகு பிறந்தது. 19ஆம் நூற்றாண்டிலேயே எட்வர்ட் பெர்தான் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் மரச்சட்டமும் கேன்வாஸும் கொண்டு அப்படி ஒன்றைச் செய்தார். இன்று பரவலாகத் தெரிந்தது அமெரிக்காவின் போர்ட்டா-போட். அதன் உடல் பாலிப்ரொப்பிலீன் தகடு; மடித்தால் சுமார் 10 செ.மீ. தடிமனுள்ள நீண்ட பலகைபோல ஆகி, கைப்பிடிக் கம்பியோரம் கட்டி வைக்க முடிகிறது.

வாங்கியவர்கள் அதை அப்படியே விட்டுவைப்பதில்லை. உரசல் தாங்கும் ரப்பர் பட்டை, சக்கரம், கூடுதல் இருக்கை என்று ஏதாவது சேர்ப்பார்கள். எதைச் சேர்த்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, விரிக்கும் வேலை அதனால் சுலபமாகிறதா என்பதையே. அது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சான்று: 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலில் இருந்த 20 உயிர்காப்புப் படகுகளில் 4 மடக்கு வகை. அவற்றில் ஒன்று, கேன்வாஸ் பக்கங்களைத் தூக்கி நிறுத்த நேரமில்லாமலே கடலில் மிதந்தது; அதில் ஏறியவர்கள் பனிநீரில் நனைந்தபடியே கிடந்தார்கள். மடக்குப் படகின் பலவீனம் விரிந்தும் விரியாத அந்த இடைப்பட்ட நிலையில்தான் இருக்கிறது. ஆகவே இருக்கைகளுக்கு அடையாள நிறம் பூசுவது, அவற்றைப் பூட்டும் ஊசிகள் கழன்று விழாதபடி கயிற்றில் கோப்பது, படகைத் தூக்க நிரந்தரக் கயிற்றுப்பிடி அமைப்பது போன்ற எளிய மாற்றங்களுக்கே முதலிடம் தருவேன். பொருளின் குணமும் கணக்கில் வர வேண்டும். பாலிப்ரொப்பிலீனில் சாதாரணப் பசை ஒட்டாது. ஒட்டிய பட்டை சில நாளில் உரிந்துவிடும். அகன்ற வாஷருடன் போல்ட் போடுவதே வழி. அந்தத் துளையும் நீர்மட்டத்துக்கு மேலே, மடியும் கோட்டை விட்டு விலகி இருக்க வேண்டும். இந்தப் பிளாஸ்டிக் தண்ணீரைவிட இலேசானதுதான். ஆனாலும் மோட்டாரும் ஆட்களும் இருக்கும்போது நீர் புகுந்தால் அது மட்டும் தாங்காது. மிதக்க உதவும் நுரைக்கட்டைகளைக் கழற்றிவிட்டு அங்கே பெட்டி வைப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

காற்றடைத்த படகு வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லையே என்பார்கள். ஆனால் அது துடுப்புக்கு எளிதில் அசையாது, காற்றில் பக்கவாட்டில் தள்ளப்படும். கூரிய சிப்பியும் பவளப்பாறையும் அதன் குழாய்களைக் கிழிக்கும். துடுப்பு வலிக்கவும் கற்கரையில் ஏற்றவும் மடக்குப் படகே மேல். ஆனால் நீருக்குள்ளிருந்து ஏறும் வசதியில் காற்றுப்படகே வெல்கிறது: அதன் விளிம்பில் முழு எடையையும் போட்டுத் தொங்கலாம், மடக்குப் படகு அந்தப் பக்கமே சாய்ந்து நீரை அள்ளிக்கொள்ளும். முத்துக்குளிப்பவரைப் போல நாளெல்லாம் மூழ்கி எழுகிறவர்களுக்கு, எத்தனை போல்ட் போட்டாலும் இந்தக் குறை தீராது.