ஆறடிப் பாதையில் அனைவர்க்கும் இடம்

பிழைப்பு நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்த நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. மகனுக்கு வேலை நிலைத்து, குடியிருக்கக் குவார்ட்டர்ஸும் கிடைத்துவிட்டால், ஊரிலுள்ள தாய் தந்தையரை அழைத்து வந்து உடன் வைத்துக்கொள்கிறோம். வந்த பெரியவர்களுக்கோ இவ்விடத்து மொழி தெரியாது; கடைத்தெரு பழக்கமில்லை; நாலு பேருடன் உட்கார்ந்து பேசத் திண்ணையும் கிடையாது. பகலெல்லாம் இரண்டு அறைகளுக்குள் அடைந்து கிடக்கும் அவர்களுக்கு, விடியற்காலையில் ஒரு மணி நேரம் காலாற நடந்துவிட்டு வருவது ஒன்றுதான் விடுதலை. அந்தப் பாதையும் அஞ்சத்தக்க இடமாகிவிட்டால், அவர்களுக்கு இருந்த ஒரே ஜன்னலையும் நாம் சாத்திவிட்டவர்கள் ஆவோம். பாதையில் ஒழுகும் முறை குறித்துச் சில சொற்கள் எழுதத் துணிந்தது இதன் பொருட்டே.

குடியிருப்புகளிலும் பூங்காக்களிலும் காலை ஐந்தரை மணிக்குப் பார்த்தால் மூன்று வகையினரைக் காணலாம். நடப்பவர் ஒரு வகை. மிதிவண்டியில் செல்வோர் மற்றொரு வகை. டியூஷனுக்கு விரையும் மாணவர், ஷிப்ட் மாறும் தொழிலாளர், பால் கொண்டு வருபவர், உடற்பயிற்சிக்காக ஓட்டுபவர் யாவரும் இதில் அடங்குவர். நாயைப் பிடித்துக்கொண்டு வருவோர் மூன்றாம் வகை. மூவருக்கும் பாதை ஒன்றே. மூவர் தேவையும் நியாயமானதே. ஒருவர் வேகம் மற்றவருக்கு ஒத்து வராமையால்தான் தொல்லை உண்டாகிறது.

பாதையின் அளவு

சண்டிகர் நகரை வகுத்த லெ கொர்பூசியே என்னும் கட்டடக் கலைஞர் இத்தொல்லையை முன்பே எண்ணிப் பார்த்தவர். 1951இல் அவர் திட்டமிட்ட அந்நகரில், சாலைகளை ஏழு வகையாகப் பிரித்து, ஏழாம் வகையை நடப்பவர்க்கென்றே ஒதுக்கினார். மிதிவண்டிகளுக்கான எட்டாம் வகை பின்னர்ச் சேர்ந்தது. எல்லா ஊருக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை. நம்மில் பெரும்பாலோர் வாழும் இடங்களில் உள்ளது ஒரே பாதைதான், அதுவும் குறுகியது.

நடைபாதை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதற்கு இந்தியச் சாலைப் பேரவை 2012இல் வெளியிட்ட நெறிமுறையில் அளவு சொல்லியிருக்கிறது. தடையில்லாத அகலம் 1.8 மீட்டரேனும் இருத்தல் வேண்டும் என்பது அது. நம் கணக்கில் சற்றேறக்குறைய ஆறடி. இந்த ஆறடியில் இருவர் இணையாக நடக்கலாம். நால்வர் கை கோத்தாற்போல் நடந்தால் எதிரே வருபவர் புல்தரையில் இறங்க வேண்டியதுதான்.

இனி வேகத்தைக் கணக்கிடுவோம். நடப்பவர் மணிக்கு 5 கிலோமீட்டர் போகிறார். மிதிவண்டி நிதானமாகச் சென்றாலும் மணிக்கு 15 கிலோமீட்டர் போகும். அதாவது ஒரு விநாடிக்கு 4 மீட்டருக்கு மேல். குறுக்கே ஒருவர் வருவதைக் கண்டு, மனம் உணர்ந்து, கை பிரேக்கைப் பற்றுவதற்குள் அந்த ஒரு விநாடி போய்விடுகிறது. அதன்பின் வண்டி நிற்க இன்னும் சில மீட்டர் வேண்டும். ஆக, காய்ந்த தரையிலேயே ஏழு மீட்டர் இல்லாமல் நிறுத்த இயலாது. மழை ஈரத்திலும், வடபுலத்து மார்கழிப் பனிமூட்டத்திலும் நிலை எப்படியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரு குளிர்காலத்தில் நடந்தது

நாம் வாழும் குடியிருப்பில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்வது பொருந்தும். கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த எழுபது வயது அம்மையார் ஒருவர், மூன்று தோழியருடன் பாதையை நிறைத்துப் பேசிக்கொண்டு நடந்தார். எதிரே ஒருவர் நாயுடன் வந்தார். நாய்க்கயிறு நீண்டு சுருங்கும் வகையைச் சேர்ந்தது. நாய் பாதையின் ஓர் ஓரத்திலும் அவர் மறு ஓரத்திலுமாக இருந்தனர். பின்னாலிருந்து மணி இல்லாத சைக்கிளில் டியூஷனுக்குப் பறந்து வந்த பையன், பனியில் கயிற்றைக் கடைசி நொடியில் கண்டு வண்டியை ஒடித்தான். அம்மையார் விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

முறிவு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. கூடாமற் போனது வேறு. மூன்றும் மூன்று மொழி பேசும் குடும்பங்கள். பையன் கண்மண் தெரியாமல் வந்தான் என்றனர் ஒரு சாரார். கயிற்றை வழியில் கட்டிவைத்தது யார் என்றனர் மற்றொரு சாரார். பாதையை அடைத்துக்கொண்டு ஊர்வலம் போவானேன் என்றனர் மூன்றாமவர். ஒருவர் சொன்னதும் பொய்யன்று என்பதுதான் வேடிக்கை. அடுத்தடுத்த வாசற்படியில் இருந்தும் ஆறு மாதம் பேச்சு வார்த்தை இல்லை. ஒரு வீட்டுத் திருமணத்துக்கு மற்ற இரு வீட்டாரும் போகவில்லை. தண்ணீர் வராத நாளில் குடத்தை நீட்டவும் ஒருவரும் முன்வரவில்லை.

முடிவில் அம்மையாரே மூன்று வீட்டாரையும் தேநீருக்கு அழைத்தார். "என் கை கூடிவிட்டது, நீங்கள் எப்போது கூடுவீர்கள்?" என்று அவர் தமிழில் கேட்டதைப் பேரன் இந்தியில் எடுத்துச் சொன்னான். அன்று மாலையே, யார் மீது குற்றம் என்ற விசாரணையைக் கைவிட்டு, இனி எவ்வாறு நடந்துகொள்வது என்று எல்லாருமாகப் பேசினோம். கீழே காண்பவற்றிற் பல அன்று பேசி முடிவானவை.

மிதிவண்டி ஓட்டுவோர்க்கு

மூவரில் வேகம் மிக்கவர் நீங்களே. ஆகவே பொறுப்பும் உங்களிடமே முதலில் வருகிறது. ரயில்வேயில் லெவல் கிராசிங்கை நெருங்கும் ஓட்டுநர், வாயிலருகே வந்து ஊதுவதில்லை. வெகு தொலைவிலேயே நட்டிருக்கும் விசில் பலகையைக் கண்டதும் ஊதத் தொடங்கிவிடுவார். மணியும் அப்படித்தான். காதோரம் வந்து அடிக்கும் மணி முதியவரைத் திடுக்கிட வைக்கும். திடுக்கிட்டவர் எந்தப் பக்கம் பாய்வார் என்பது அவருக்கே தெரியாது. 20 மீட்டர் பின்னால் இருக்கும்போதே ஒரு முறை மெல்ல அடித்தால், முன்னே நடப்பவருக்கு ஏறத்தாழ ஏழு விநாடி அவகாசம் கிடைக்கிறது. வழி விட்டவருக்கு ஒரு நன்றி சொல்லிப் போனால் மறுநாள் அவர் இன்னும் மகிழ்ந்து விடுவார்.

மணிக்குச் செவி சாய்க்காதவரைக் கண்டு சினம் கொள்ள வேண்டா. அவருக்குக் காது மந்தமாக இருக்கலாம்; காதில் பாட்டுக் கருவி செருகியிருக்கலாம். வேகத்தைக் குறையுங்கள், வேண்டுமானால் இறங்கித் தள்ளுங்கள். நாய் துரத்தினால் வேகமாக மிதிப்பது தவறு. ஓடும் பொருளைத் துரத்துவது நாயின் இயல்பு. ஓட்டம் மிகுந்தால் துரத்தலும் மிகும். இறங்கி, வண்டியை நடுவில் நிறுத்திக்கொண்டு மெல்ல நடந்தால் பெரும்பாலும் அது ஆர்வம் இழந்து திரும்பிவிடும்.

நாய் வளர்ப்போர்க்கு

நம்மவரில் ராஜபாளையத்து நாயையும் சிப்பிப்பாறை நாயையும் ஊரிலிருந்து கொண்டுவந்து பெருமையுடன் வளர்ப்போர் உண்டு. வளர்ப்பது நல்லதே. "எங்கள் நாய் ஒன்றும் செய்யாது" என்று நீங்கள் கூறுவதும் உண்மையாகவே இருக்கும். ஆனால் அவ்வுண்மை உங்களுக்குத் தெரியும். எதிரே வரும் குழந்தைக்குத் தெரியாது. கயிற்றை ஐந்தடிக்குள் குறுக்கிப் பிடியுங்கள். பிறர் கடக்கும்போது நாயைப் பாதையின் ஓரப்பக்கம் வைத்து, நீங்கள் நடுவில் நில்லுங்கள். நீளும் கயிற்றை விடியல் இருட்டில் பயன்படுத்தாதிருப்பது மிக நன்று.

அது கழிக்கும் மலத்தைக் காகிதத்தில் எடுத்துக் குப்பைத் தொட்டியில் சேர்ப்பது கௌரவக் குறைவன்று. நாய் மலத்தில் உருண்டைப் புழுவின் முட்டைகளும் கொக்கிப் புழுவும் இருக்கக்கூடும். வெறுங்காலுடன் மண்ணில் விளையாடும் குழந்தைக்கு அவை கேடு செய்யும். தடுப்பூசியைத் தவறாமல் போட்டுச் சீட்டை வைத்திருங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதீய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி, தம் வசமுள்ள விலங்கினால் பிறருக்கு ஆபத்து நேராதபடி காக்கத் தவறுவோர்க்கு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அண்டை வீட்டாருடன் அந்த மட்டும் போக வேண்டிய அவசியம் யாருக்கு இருக்கிறது?

தெரு நாய்களுக்கு உணவிடும் இரக்கமுள்ளோர்க்கும் ஒரு சொல். 2023ஆம் ஆண்டு விலங்குக் கருத்தடை விதிகள் உணவிடுவதைத் தடுக்கவில்லை. ஆனால் அதற்கான இடம், குழந்தைகள் விளையாடுமிடத்துக்கும் மாடிப்படிக்கும் வாயிலுக்கும் அப்பால், முதியோரும் சிறாரும் அதிகம் புழங்காத இடமாக இருக்க வேண்டும் என்கின்றன. நடைபாதை நடுவே ரொட்டியைப் போட்டால், நாய்கள் அவ்விடத்தையே தமது எல்லையாகக் கொண்டு காவல் காக்கத் தொடங்கிவிடும்.

நடப்போர்க்கு

நமக்கும் கடமை உண்டு. இடப்பக்கமோ வலப்பக்கமோ, குடியிருப்பு வழக்கம் எதுவோ அதையே ஒரு சீராகப் பின்பற்றுவோம். இருவர்க்கு மேல் இணையாக நடக்க வேண்டா. பேச்சுச் சுவையில் நடுவழியில் நின்றுவிடாமல் ஓரம் ஒதுங்கிப் பேசுவோம். திரும்புமுன் பின்னால் ஒரு முறை பார்ப்போம். பளிச்சென்ற நிறத்து ஆடையோ போர்வையோ பனிமூட்டத்தில் உயிர் காக்கும். குழந்தைகளுக்கு ஒரு பாடம் கற்பிக்க வேண்டும்: அறியாத நாய் நெருங்கினால் ஓடக் கூடாது, கத்தக் கூடாது, அதன் கண்ணை உற்று நோக்கவும் கூடாது. கைகளை உடலோடு ஒட்டி மரம்போல் நிற்க வேண்டும். உரியவர் அனுமதியின்றி எந்த நாயையும் தொடலாகாது.

கடித்துவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தும் கடியோ நகக் கீறலோ நேர்ந்தால், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவுக. அன்றே மருத்துவமனைக்குச் செல்க. மிளகாய்ப் பொடி, மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித் தூள் இவற்றை அப்பும் நம் வீட்டுப் பழக்கத்தை அறவே விடுக. வெறிநாய்க்கடி நோய் அறிகுறி தோன்றிய பின் பிழைத்தவர் மிக அரியர். உலகில் இந்நோயால் இறப்போரில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் நம் நாட்டினர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. தடுப்பூசியை உரிய நாள்களில் முழுமையாகப் போட்டுக்கொண்டால் இந்நோயைத் தடுத்துவிடலாம். கடித்தது குட்டியாயிற்றே, தெரிந்த வீட்டு நாயாயிற்றே என்று நாளைக் கடத்துவது கூடாது.

மொழி தெரியாத இடத்தில்

பாதைச் சண்டைகளிற் பாதி, சொல் தெரியாமையால் விளைபவை. "வழி விடுங்கள்" என்று கேட்க வாய் வராமல் முறைத்துப் பார்க்கிறோம். முறைப்பை எந்த மொழிக்காரரும் தப்பாமல் புரிந்துகொள்கிறார். ஆதலால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வாக்கியமேனும் சொல்லிக் கொடுப்போம். இந்தி வழங்குமிடத்தில் "ஜரா ராஸ்தா தீஜியே" என்றால் போதும். வங்காளத்தில் "ஏக்டு ஷொருன்" என்பர். மராட்டியத்தில் "ஜரா பாஜூலா வ்ஹா" என்பர். கன்னட நாட்டில் "ஸ்வல்ப தாரி பிடி" என்பதே வழக்கு. அங்கே "பிடி" என்றால் பற்றிக்கொள்வதன்று, "விடுங்கள்" என்று பொருள். இதை அறியாத நம் பெரியவர் ஒருவர், எதைப் பிடிக்கச் சொல்கிறார்கள் என்று விழித்ததாகக் கேள்வி. நாமும் அண்டை வீட்டாருக்கு "கொஞ்சம் வழி விடுங்கள்" என்பதைச் சொல்லிக் கொடுக்கலாம். நம் குடியிருப்பில் அந்த டியூஷன் பையன் மணியை அடித்துவிட்டு, "பாட்டி, வழி!" என்று கூவிக்கொண்டு போகிறான். பாட்டியும் தோழியரும் இருவர் இருவராக ஒதுங்கிச் சிரிக்கின்றனர்.

ரயில் செல்லும் ஒற்றைப் பாதையில் எந்த வண்டி முன், எந்த வண்டி பின் என்று முடிவு செய்ய நிலைய அதிகாரி இருக்கிறார், கைகாட்டி இருக்கிறது. நம் நடைபாதைக்கு அத்தகைய அதிகாரி எவரும் இல்லை. அவரவர்தாம் கைகாட்டியை இறக்கியும் ஏற்றியும் கொள்ள வேண்டும். ஒவ்வொரு குடியிருப்பிலும் உள்ள நம் சங்க உறுப்பினர்கள் ஒரு ஞாயிறு மாலை அண்டை அயலாரைக் கூட்டிப் பேசி, தத்தம் பாதைக்கு ஏற்ற நான்கைந்து விதிகளைத் தமிழிலும் அவ்விடத்து மொழியிலும் எழுதிப் பாதை முகப்பில் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். குளிர்காலப் பனி இறங்குமுன் இதனைச் செய்து முடித்தல் நலம்.