தூணடியில் நிற்கிற மீன்

தெமட்டகொடையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். விடுமுறை நாளில் இறங்குதுறைக்குப் போய், புதிதாக வாங்கிய றீல் பூட்டிய தூண்டிற்கோலால் ஐம்பது மீற்றர் வீசுகிறாராம். இறால் இரை போனபடியே திரும்பி வருகிறதாம். பக்கத்தில் ஒரு முதியவர் கோல்கூட இல்லாமல், தகரப்பேணியில் சுற்றிய தங்கூசியை நேரே காலடியில் இறக்கிவிட்டுப் பாரைக்குஞ்சுகளாகத் தூக்கிக்கொண்டிருக்கிறாராம். என்ன மாயம்?

மாயம் ஒன்றுமில்லை. வாசகர் மீன் நிற்கிற இடத்தைத் தாண்டி வீசுகிறார், அவ்வளவுதான்.

கடலுக்குள் நட்ட எந்தத் தூணிலும் சில மாதங்களில் பாசியும் கொட்டலசும் மட்டியும் ஏறிவிடும். பாசியை மேய ஓரா வரும், ஓட்டை உடைத்துத் தின்னப் பேத்தை வரும், உதிர்வதைப் பொறுக்கச் சிறு மீன் வரும், சிறு மீனைத் தேடிப் பாரையும் சீலாவும் வரும். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் உணவு மட்டும்தான் காரணம் என்றால் மீன் தின்றுவிட்டுப் போய்விட வேண்டுமே. அது போகாமல் தூணை ஒட்டியே ஏன் நிற்கிறது என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது.

ஓடும் நீர் தூணில் மோதிப் பிரிந்ததும் பின்னால் அமைதியாக ஒன்று சேர்வதில்லை. இடப்பக்கம் ஒரு சுழி, வலப்பக்கம் ஒரு சுழி என்று மாறி மாறிக் கழன்று, வரிசையாக நீரோடு போகின்றன. தூணின் அகலத்தைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு தூரம் நீர் ஓடும் நேரத்தில் ஒரு சோடி சுழி பிறக்கும். நாற்பது சென்டிமீற்றர் தூண், நொடிக்கு நாற்பது சென்டிமீற்றர் ஓட்டம் என்றால் ஐந்து நொடிக்கு ஒரு சோடி. பிரான்சின் ஆன்றி பெனார் 1908 இல் இதைப் படமெடுத்து வெளியிட்டார். 1911 இல் தியடோர் வொன் கார்மான் கணக்குப் போட்டார். பெயர் கார்மானுக்குப் போனது, பெனாருக்குக் கோபம் வந்தது. வரலாறு இவ்வளவு போதும்.

2003 இல் ஜேம்ஸ் லியாவோவும் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலரும் நீரோட்டத் தொட்டியில் ஐந்து சென்டிமீற்றர் அகல உருளை ஒன்றை நிறுத்தி, அதன் பின்னால் வானவில் ட்ரவுட் மீனை விட்டார்கள். நம் ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் வெள்ளையர் கொண்டுவந்து விட்ட அதே மீன். தசைகளில் மெல்லிய மின்கம்பி செருகி அளந்தபோது, சுழிகளுக்கு நடுவே நிற்கிற மீனின் உடம்பில் பெரும்பகுதித் தசை வேலையே செய்யவில்லை. தலைப்பக்கத்துத் தசைகள் மட்டும் கொஞ்சம் அசைந்தன. மீன் சுழிக்குச் சுழி வளைந்து, வாலைச் சுழிகளின் தாளத்துக்கே ஆட்டிக்கொண்டு, எதிர்நீச்சல் போட்டபடி ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது.

ஆடிவேல் தேர் வரும் வேளையில் காலி வீதியை நினைத்துக்கொள்ளலாம். கூட்டம் ஒரே திசையில் தள்ளுகிறது. விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் ஒரு பையன் சாய்ந்து நிற்கிறான். கூட்டம் கம்பத்தின் இருபுறமும் பிரிந்து போகிறது. இடிபடாமல் நின்று கடலை கொறிக்கிறான். கடலைக்காரருக்கும் அந்த இடம் தெரியும், அங்கேதான் வந்து நிற்பார். பிக்பொக்கட்காரனுக்கும் தெரியும். பையன் உணவு மேயும் மீன், பிக்பொக்கட்காரன் சீலா. இதுவரை உவமை ஓடுகிறது. ஆனால் 2006 இல் அதே குழுவினர் இறந்த ட்ரவுட் ஒன்றை உருளைக்குப் பின்னால் நூலில் கட்டிவிட்டார்கள். உயிரில்லாத அந்த உடம்பு சுழிகளின் தாளத்தில் தானாக நெளிந்து, நூல் தளர, நீரோட்டத்துக்கு எதிராக முன்னேறியது. ஆடிவேல் கூட்டத்தில் மயங்கி விழுந்த எவரும் முன்னால் நடந்ததில்லை.

இதை வைத்து உடனே ‘சுழித் தொழில்நுட்பத் தூண்டில்’ என்று யாரும் விற்கத் தொடங்க வேண்டாம். தொட்டி வேறு, கடல் வேறு. மீனின் நீளமும் சுழிகளின் இடைவெளியும் பொருந்தினால்தான் அந்தச் சவாரி கிடைக்கும். பருத்த தூணின் சுழிகள் பாரைக்குஞ்சுக்கு மிகப் பெரியவை. அப்படிப்பட்ட மீன் தூணின் முன்புறத்தில், நீர் மோதித் தயங்கும் இடத்தில் நிற்கலாம். பக்கவாட்டில் ஒட்டியும் நிற்கலாம். அந்த இரண்டு வழக்கங்களும் ஆய்வுகளில் பதிவானவைதான். மேலும் கொழும்புக் கடலில் நீர் ஆறு போல் ஒரே திசையில் ஓடுவதில்லை, அலையோடு போய் வருகிறது. ஒரு அலை நீரைத் தள்ளும் தூரம் தூணின் அகலத்தைப் போல் இரு மடங்காவது இல்லாவிட்டால் சுழி ஒழுங்காகக் கழலாது. ஆகவே நுரையும் சருகும் எந்தப் பக்கம் இழுபடுகின்றன என்று முதலில் பார்ப்பது, வீசுவதைவிடப் பயனுள்ள வேலை.

நிழலையும் பார்க்க வேண்டும். ஜீன் ஹெல்ஃப்மன் 1981 இல் வெளியிட்ட ஆய்வின்படி, நிழலில் இருப்பவர் வெயிலில் இருப்பதை, வெயிலில் இருப்பவர் நிழலில் இருப்பதைக் காண்பதைவிட இரண்டரை மடங்கு தூரத்திலிருந்தே கண்டுவிடுகிறார். இறங்குதுறையின் நிழல் விளிம்பில் இரை தொங்கினால், இருட்டுக்குள் இருக்கும் பாரைக்கு அது தெளிவாகத் தெரியும். இரவில் மின்விளக்கின் ஒளிவட்ட ஓரமும் அப்படித்தான்.

நிலாவைப் பார்த்து ‘மீன் கடிக்கும் நேரம்’ சொல்லும் கைபேசிச் செயலிகளுக்கு மூலம், அமெரிக்கரான ஜோன் ஆல்டன் நைட் 1926 இல் முன்வைத்த கருத்து. அட்டவணை அழகாக இருக்கும், ஆதாரம் மெலிந்தது. வற்றுப்பெருக்கு பற்றிய வெளிநாட்டு யூடியூப் அறிவுரையையும் அப்படியே எடுக்கக்கூடாது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் கால்வாயில் நீர் 14 மீற்றர் வரை ஏறி இறங்கும். கொழும்பில் அது ஒரு மீற்றரைக்கூட எட்டாது. நம் கரையில் பெரிய மாற்றம் பருவக்காற்றோடு வருவது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு அலை அடிக்கையில் இறங்குதுறையின் நுனிக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

தூணடியில் இறக்குகிறவர் கொஞ்சம் தடித்த தங்கூசி போடட்டும். கொட்டலசின் விளிம்பு மெல்லியதைக் கத்திபோல் அறுக்கும். ஈயக்குண்டு, இரை அடித்துப் போகாத அளவுக்குக் கனத்தால் போதும். மீன் சிக்கியதும் தூணைச் சுற்ற விடாமல் இழுக்க வேண்டும். நீருக்குள் ஏறக்குறைய எடையே இல்லாத இரண்டு கிலோ மீன், மேலே வந்ததும் முழு இரண்டு கிலோவாகித் துள்ளும். நூல் அறுவது பெரும்பாலும் அப்போதுதான். கயிற்றில் கட்டிய கைவலை ஒன்றை இறக்கி ஏந்துங்கள்.

ஓராவின் முள் நஞ்சுள்ளது. குத்தினால் தோல் வேகாத அளவு சூடுள்ள நீரில் கையை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். பேத்தை மாட்டினால் கொக்கியைக் கழற்றிக் கடலிலேயே விட்டுவிடுங்கள்; அதன் நஞ்சு எவ்வளவு கொதித்தாலும் கறிச்சட்டியில் அழியாது.