பாரிஸ் தெருக்களில் தனியே ஓர் இசை மாலை

வட கோளத்தில் ஆண்டின் மிக நீண்ட பகல் ஜூன் 21ஆம் தேதியை ஒட்டி வருகிறது. ஆண்டு முழுவதும் இரவு ஏழு மணியளவில் இருட்டிவிடும் சிங்கப்பூரில் வளர்ந்த எனக்கு, அது புவியியல் பாடத்தில் வந்த ஒரு வரி மட்டுமே. மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் பாரிஸில் ஒரு பருவம் படித்தபோதுதான் அந்த வரியின் பொருள் புரிந்தது. அங்கு அன்று இரவு பத்து மணிக்குச் சற்று முன்புதான் சூரியன் மறைகிறது. அந்த வெளிச்சத்தில் நகரமே தெருவுக்கு வந்து பாடுகிறது, வாசிக்கிறது.

இந்த இசை விழா 1982ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் தேதி தொடங்கியது. அப்போது பிரான்சின் கலாசார அமைச்சராக இருந்தவர் ஜாக் லாங். அமைச்சின் இசை, நடனப் பிரிவுக்குப் பொறுப்பேற்றிருந்தவர் மொரீஸ் ஃப்ளூரே. நாட்டில் ஐந்து மில்லியன் பேர் ஏதாவதோர் இசைக்கருவி வாசிக்கிறார்கள், இளையரில் இருவரில் ஒருவர் வாசிக்கிறார் என்று அந்தக் காலத்து ஆய்வு ஒன்று காட்டியது. வீட்டுக்குள் வாசிக்கும் இத்தனை பேரையும் ஒரு நாள் தெருவுக்கு அழைத்தால் என்ன என்பதே அவர்களது யோசனை. விழாவின் பிரெஞ்சுப் பெயரைச் சொன்னால், ‘இசை செய்யுங்கள்’ என்ற அழைப்பும் அதே ஒலியில் காதில் விழும். நிகழ்ச்சிகளுக்குக் கட்டணம் கிடையாது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இந்த விழா நடக்கிறது.

என்னுடன் படித்த சிங்கப்பூர்த் தோழிகள் இருவரும் தேர்வு முடிந்த கையோடு ஸ்பெயினுக்குச் சுற்றுலா சென்றுவிட்டனர். நான் நாடு திரும்ப நான்கு நாள்கள் இருந்தன. உணவங்காடி நிலையத்தில் தனியே உட்கார்ந்து சாப்பிடுவதற்கே கூச்சப்படுகிறவள் நான். ஓர் இரவு முழுக்கத் தனியே சுற்றுவதா என்ற தயக்கம் இருந்தது. விடுதியில் பக்கத்து அறைப் பெண்ணிடம் போகும் வழியைச் சொல்லிவிட்டு, கைப்பேசிக்கு முழுமையாக மின்னூட்டிக்கொண்டு, மாலை ஆறரைக்குக் கிளம்பினேன்.

கால்வாயோரத்தில் ஒரு பாட்டுத்தாள்

ரிபப்ளிக் சதுக்கத்தில் இறங்கியதுமே மூன்று திசைகளிலிருந்து மூன்று விதமான இசை கேட்டது. சிலையருகே ஆப்பிரிக்க மேளங்கள், காப்பிக்கடை வாசலில் ராக் இசைக்குழு, மரத்தடியில் அக்கார்டியன் வாசிக்கும் முதியவர். அங்கிருந்து சில நிமிட நடையில் செயின்ட் மார்ட்டின் கால்வாய் வருகிறது. 1825இல் திறக்கப்பட்ட இக்கால்வாயின் இருபுறமும் மரங்கள், குறுக்கே வளைந்த இரும்பு நடைபாலங்கள். கரையோரத்தில் காலைத் தொங்கப்போட்டபடி இளையர் கூட்டம்.

ஒரு பாலத்தடியில் இருபது பேர் கொண்ட பாடகர் குழு நின்றிருந்தது. அலுவலக உடையில் சிலர், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிலர். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் கையில் ஒரு பெண்மணி பாடல் வரிகள் அச்சிட்ட தாளைத் திணித்தார். என் பிரெஞ்சு ரொட்டி வாங்கப் போதும், பாடப் போதாது. தோழிகள் உடன் இருந்திருந்தால் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்திருப்போம். தனியாக இருந்ததால் இரண்டே வழிகள்: பாடுவது அல்லது தாளைத் திருப்பிக் கொடுப்பது. பாடினேன். ஒரு வரி தவறிப் போனபோது, பக்கத்தில் நின்றவர் தம் பாட்டை நிறுத்தாமலே விரலால் வரியைக் காட்டினார். என் குரல் எப்படியிருந்தது என்பது அங்கு யாருக்கும் ஒரு பொருட்டாகவே இல்லை.

தமிழ்க் கடை வாசலில்

கால்வாயோரமாகவே வடக்கே நடந்து, மெட்ரோ ரயில் பாலத்தின் மேல் ஓடும் சாலைக்கு வந்தேன். அந்தப் பாலத்தை ஒட்டி மேற்கே நடந்தால் லா ஷப்பெல். இலங்கைத் தமிழர்களின் கடைகள் நிறைந்த வட்டாரம் அது. புடவைக் கடை, நகைக் கடை, கொத்து ரொட்டி தட்டும் ஓசை எல்லாம் சேர்ந்து எனக்குச் சிராங்கூன் சாலையை நினைவூட்டின.

ஒரு மளிகைக் கடை வாசலில் கீபோர்டும் மிருதங்கமுமாக இரண்டு பையன்கள் திரைப்பாடல்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மிருதங்கக்காரர் அடிக்கடி தாளம் தவறினார். தவறும்போதெல்லாம் சிரித்துவிட்டு மறுபடியும் பிடித்துக்கொண்டார். கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள், ஒருவரும் நகரவில்லை.

“பிள்ளை, எங்கயிருந்து வாறீங்கள்?” என்று கடைக்கார ஐயா கேட்டார்.

“சிங்கப்பூர், அங்கிள்.”

“தனியவோ வந்தனீங்கள்? ஏதும் சாப்பிட்டனீங்களோ?” என்றபடி ஒரு தேநீரும் ரோல்ஸும் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

அந்தத் தம்பி அரங்கேற்றத்துக்குத் தயாராகிறாரா என்று கேட்டேன். “அரங்கேற்றமோ? அவன் வேலை முடிஞ்சு வந்து சும்மா அடிக்கிறவன். அவனுக்குச் சந்தோசம், எங்களுக்கும் பொழுது போகுது” என்றார்.

‘சும்மா’ என்ற அந்தச் சொல் என்னுடனேயே வந்தது. நான் எட்டு ஆண்டுகள் வீணை கற்றவள். உயர்நிலை மூன்றில் சாதாரண நிலைத் தேர்வை நினைத்து வகுப்பு நின்றது. அதுவரை உறவினர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் இரண்டு: எந்த நிலை முடித்திருக்கிறாய், அரங்கேற்றம் எப்போது? இரண்டுக்கும் பதில் இல்லாமற்போனதும் வீணை அலமாரிக்கு மேலே ஏறிவிட்டது. மாணவராக இருக்க வேண்டும் அல்லது மேடைக் கலைஞராக இருக்க வேண்டும். நடுவில் சும்மா வாசிக்கிறவருக்கு நம் வீடுகளில் இடமே ஒதுக்குவதில்லை. பாரிஸில் அன்று ஒரு நகரம் முழுவதும் அந்த நடுவில் இருப்பவர்களுக்கே விடப்பட்டிருந்தது.

நாடு திரும்பியதும் வீணைக்குப் புதுத் தந்திகள் போட்டேன். ஞாயிறு மாலையில் அரை மணி நேரம் வாசிக்கிறேன். விரல் இன்னும் பழையபடி ஓடவில்லை. அப்பா தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டுக் கேட்கிறார்.

இங்கே தெருவில் வாசிக்க நினைப்பவர்களுக்குத் தேசியக் கலை மன்றத்தின் தெருக்கலைஞர் திட்டம் இருக்கிறது. கேட்க மட்டும் விரும்பினால், எஸ்பிளனேட் நீர்முகப்பிலுள்ள திறந்தவெளி அரங்கில் வார இறுதிகளில் இலவச நிகழ்ச்சிகள் நடக்கின்றன. இந்த விடுமுறையில் ஒரு மாலை, யாருக்காகவும் காத்திராமல், காதொலிக் கருவியைப் பைக்குள் வைத்துவிட்டுத் தனியே போய்ப் பாருங்கள். எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்பதை உங்கள் காதுகளே முடிவு செய்யட்டும். வீடு திரும்பியதும், அலமாரிக்கு மேலே ஏதாவது ஒரு கருவி தூங்கிக்கொண்டிருந்தால், அதன் தூசியையும் தட்டிவிடுங்கள்.