கரும்பூஞ்சை: கண்ணும் உயிரும்

நுழையும்முன்
2021ஆம் ஆண்டு, கொரோனாப் பெருந்தொற்றின் இரண்டாம் அலையோடு ‘கருப்புப் பூஞ்சை’ என்னும் சொல்லும் மக்களை அச்சுறுத்தியது. அவ்வாண்டு மே மாதத்தில் தமிழ்நாடு அரசு, இதனை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. கண்ணைச் சுற்றிய தசையை அழிக்கும் இந்நோயையும் அதன் மருத்துவத்தையும் அறிவோம்.

நோயின் இயல்பு
‘மியூகார்மைகோசிஸ்’ என்பது இதன் மருத்துவப் பெயர். இப்பூஞ்சையின் வித்துகள் மட்கிய இலையிலும் சாணத்திலும் ஈரமண்ணிலும் உள்ளன. கல்வராயன் மலைக்காட்டிலும் கள்ளக்குறிச்சியின் வயல்வெளியிலும் உழைப்போர் அவற்றை நாள்தோறும் சுவாசிக்கின்றனர். எனினும், உடலின் எதிர்ப்பாற்றல் அவற்றை அழித்துவிடுகிறது. கட்டுக்கடங்காத நீரிழிவு உடையோருக்கும் ஸ்டீராய்டு மருந்தை மிகுதியாக எடுத்துக்கொண்டோருக்கும் அவ்வாற்றல் குன்றுகிறது. கொரோனாக் காலத்தில் இவ்விரண்டும் பலரிடம் ஒருங்கே அமைந்தன.

மூக்கினுள் வேர்விடும் பூஞ்சை, முக எலும்பறைகள் வழியாகக் கண்குழியை அடைந்து, மூளைக்கும் பரவும். அது இரத்தக் குழாய்களுள் புகுந்து அடைப்பை உண்டாக்குவதால், குருதி பெறாத தசை மாண்டு கருக்கிறது. எனவே, கருமை மாண்ட தசையின் நிறமேயன்றிப் பூஞ்சையின் நிறமன்று. இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை.

மருத்துவ முறை
மாண்ட தசைக்குள் குருதி செல்லாது. ஆகவே, குருதிவழிச் செலுத்தும் மருந்தும் அங்குச் சென்று சேராது. இதனாலேயே அறுவை மருத்துவம் இன்றியமையாததாகிறது. அழிந்த தசையை அகற்றுதல், ‘ஆம்போடெரிசின் பி’ மருந்தைச் செலுத்துதல், இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துதல் ஆகிய மூன்றும் ஒருசேர நிகழவேண்டும். இம்மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். கொழுப்புக் குமிழ்களில் பொதிந்த வடிவம் அத்தீங்கைக் குறைக்கிறது.

தொடக்க நிலையில் விழியின் பின்புறம் இம்மருந்தைச் செலுத்திக் கண்ணைக் காக்க முயல்வர். நோய் முற்றி உயிருக்கு இடர் நேரும்போது, கண்ணையும் கண்குழித் தசையையும் முழுமையாக அகற்ற நேரிடும். கண்ணா, உயிரா என்னும் அக்கொடிய வினா எழாமல் காப்பது காலத்தே பெறும் மருத்துவமே.

காலம் தாழ்த்தாமை
முகவலி, ஒருபக்க வீக்கம், இமை தாழ்தல், பொருள்கள் இரண்டாகத் தெரிதல், மேலண்ணத்தில் கருமை ஆகியன எச்சரிக்கை அறிகுறிகள். கள்ளக்குறிச்சியில் 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆயினும், வெள்ளிமலை போன்ற மலையூர்களில் வாழ்வோர் மலைப்பாதையில் நெடுந்தொலைவு இறங்கி வரவேண்டும். வீக்கம் தானே வடியுமெனக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் பூஞ்சை முன்னேறும் நாளாகும். சர்க்கரை அளவைத் தவறாமல் சோதித்தலும், மருத்துவர் அறிவுரையின்றி ஸ்டீராய்டு உட்கொள்ளாமையும், அறிகுறி தோன்றிய அன்றே மருத்துவமனையை நாடுதலும் கண்ணையும் உயிரையும் காக்கும். இதனை வீட்டாருக்கும் ஊராருக்கும் எடுத்துரைப்பது கற்றவர் கடமையாகும்.