பெருங்கடற் சாலை

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் உள்ள விக்டோரியா மாநிலத்தில், டார்க்கீ என்னும் ஊரிலிருந்து ஆலன்ஸ்போர்டு என்னும் ஊர் வரை 243 கிலோமீட்டர் நீளமுள்ள நெடுஞ்சாலை ஒன்று செல்கின்றது. பெருங்கடற் சாலை என்பது அதன் பெயர். ஒருபுறம் செங்குத்தான மலைச்சரிவு. மறுபுறம் ஓயாது முழங்கும் கடல். இடையே பாம்பென நெளிந்து கிடப்பது சாலை. அதன் எழிலைக் கண்டு மகிழ்வோர் பலர். அது தோன்றிய வரலாற்றை அறிந்தவர்க்கே அதன் அருமை முற்றும் புலனாகும்.

1914 முதல் 1918 வரை நிகழ்ந்த உலகப் போரில் ஆஸ்திரேலிய வீரர் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டனர். உயிருடன் மீண்டவரிற் பலருக்கோ தொழில் இல்லை. மாண்டாரை நினைவுகூரவும் வேண்டும். மீண்டாரை வாழ்விக்கவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருசேர நிறைவேற்றும் வழி கடற்கரைச் சாலை அமைத்தலே எனச் சான்றோர் சிலர் கருதினர். அவருள் முதல்வர் ஜீலாங் நகரத் தலைவர் ஹோவர்டு ஹிட்ச்காக். அவர் 1918-இல் அறநிலையம் ஒன்றை நிறுவிப் பொருள் திரட்டினார்; தாமும் 3,000 பவுன் ஈந்தார்.

பணி 1919-இல் தொடங்கியது. போரினின்றும் மீண்ட வீரர் ஏறத்தாழ 3,000 பேர் அதில் ஈடுபட்டனர். இக்காலத்துப் பேரியந்திரங்கள் அவர்பால் இல்லை. வெடிமருந்தால் பாறையைப் பிளந்து, கடப்பாரையும் மண்வெட்டியும் தள்ளுவண்டியும் கொண்டே மலையைக் குடைந்தனர், கூடாரங்களில் உறைந்தனர். வேலையில் உயிர் துறந்தாரும் உளர். அதுவரை லார்ன் என்னும் ஊரை அடைவதற்குக் கடல்வழியும் கரடுமுரடான காட்டுத்தடமுமே இருந்தன. 1932 நவம்பரில் சாலை முழுமையாகத் திறக்கப்பெற்றது. அந்தோ! ஹிட்ச்காக் அவ்வாண்டு ஆகஸ்டிலேயே இறந்துவிட்டார். திறப்பு விழாவன்று அவருடைய மோட்டார் வண்டி மட்டும் ஆளுநரின் வண்டிக்குப் பின்னே ஊர்வலமாகச் சென்றது. சாலையிற் செல்வோரிடம் தண்டப்பட்ட சுங்கமும் 1936-இல் சாலை அரசுக்கு உரியதானபோது நீங்கியது. நினைவுச் சின்னமாகத் தூணும் சிலையும் எழுப்புவது உலக வழக்கு. மக்கள் நாளும் நடமாடும் வழியையே சின்னமாக்கியது சாலச் சிறந்த செயலேயாம்.

டார்க்கீயிலிருந்து மேற்கு நோக்கிச் செல்வோரை ஈஸ்டர்ன் வியூ என்னுமிடத்தில் நினைவு வளைவு வரவேற்கும். அப்பால் லார்ன், அப்பால் அப்போலோ பே. அங்குக் கடலைப் பிரிந்து சாலை ஆட்வே காட்டினுள் புகுகின்றது. வானளாவிய மரங்கள் இருபாலும் நிற்கும். அவை நாம் நீலகிரியிற் காணும் தைலமரத்தின் இனத்தவை.

காட்டைக் கடந்து மீண்டும் கடலை அடைந்தால் காட்சி வேறாகின்றது. அங்குள்ள கரை சுண்ணாம்புக்கல்லால் ஆனது. முன்னொரு காலத்தில் கடலடியில் சிப்பி முதலியன படிந்து இறுகியது. அதற்கு நேர் தெற்கே அண்டார்ட்டிக்கா வரை நிலமே இல்லை. ஆதலின் அலைகள் தடையின்றிப் பெருகிவந்து மோதுகின்றன. மென்பாறையை அலை முதலில் குகையாக்கும். குகை துளைபட்டு வளைவாகும். வளைவின் மேற்கூரை வீழ, கடலினுள் தனித்தூண் எஞ்சும். இவ்வாறு தோன்றியவையே 'பன்னிரு சீடர்கள்' எனப்படும் தூண்கள். பெயர் பன்னிரண்டாயினும் இருந்தவை ஒன்பதே. அவற்றுள் ஒன்று 2005 ஜூலையில் நொறுங்கி வீழ்ந்தது.

இக்கடல் விழுங்கிய கப்பல்களும் பல. ஆட்வே முனையில் 1848-இலேயே கலங்கரை விளக்கம் ஏற்றப்பெற்றது. எனினும் 1878 ஜூன் முதல் நாள், இங்கிலாந்திலிருந்து வந்த 'லாக் ஆர்டு' என்னும் கப்பல், மூடுபனியால் வழி தெரியாது பாறையில் மோதியது. அதிலிருந்த 54 பேருள் பிழைத்தவர் இருவரே. ஒருவன் டாம் பியர்ஸ் என்னும் 18 வயதுத் தொழில் பயிலுநன். கரையை அடைந்த அவன், அலையிடையே ஒரு நங்கையின் ஓலம் கேட்டு, மீண்டும் கடலுட் பாய்ந்து நீந்தி அவளைக் காத்தான். பின்னர்ச் செங்குத்துப் பாறையில் ஏறி உதவி தேடிக் கொணர்ந்தான். ஈவா கார்மைக்கேல் என்னும் அந்நங்கை, உடன்வந்த பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் ஒருசேர இழந்தாள். அவ்விடுக்கு இன்றும் அக்கப்பலின் பெயரால் வழங்குகின்றது.

சற்று மேற்கே 'லண்டன் பாலம்' என்றோர் இயற்கைப் பாலம் உண்டு. கரையோடு இணைந்து இரு வளைவுகளுடன் விளங்கிய அதன்மேல் மக்கள் நடந்து செல்வர். 1990 ஜனவரி 15-ஆம் நாள் கரையை அடுத்த வளைவு திடீரெனக் கடலில் வீழ்ந்தது. அப்போது அப்பால் நின்ற இருவர் நாற்புறமும் நீர்சூழ அகப்பட்டுக்கொண்டனர். ஹெலிகாப்டர் வந்தே அவரை மீட்டது. எஞ்சிய வளைவை இப்போது கரையில் நின்றே காணலாம். அலை அதனையும் மோதிக்கொண்டிருக்கின்றது.